கையெழுத்துப் போட்ட பிறகு மனசு மாறினால்?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணன் மகள் இடம் கிடைத்தால் அங்கேயே சேர வேண்டும் என்கிற 'எர்லி டிசிஷன்' முறையில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். இப்போது வேண்டாம் என்கிறாள். வழி உண்டா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: முடிவு வந்துவிட்டதா? நவம்பர் தொடக்கத்தில் விண்ணப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் டிசம்பர் நடுவில்தான் வரும். அதற்கு முன்பென்றால் கவலை வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு முன்பே 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணை யார் குறை சொல்வார்கள்? விண்ணப்பத்தை ரெகுலர் சுற்றுக்கு மாற்றும்படி அட்மிஷன் அலுவலகத்துக்கு இன்றே எழுதட்டும். பள்ளி கவுன்சலரிடமும் சொல்லிவிடட்டும்.

இடம் கிடைத்த பிறகென்றால் கதையே வேறு. கட்டாயம் சேருவதாக உறுதி தரும் ஒப்பந்தத்தில் மாணவி, பெற்றோர், கவுன்சலர் மூவரும் கையெழுத்திடுகிறார்கள். போலீஸ் வீடு தேடி வராது. ஆனால் கவுன்சலரின் சொல்லுக்கு மதிப்புக் குறைந்தால், அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம். கல்லூரிகள் பொதுவாக ஏற்கும் காரணம் ஒன்றுதான்: தரும் உதவித்தொகை போதவில்லை என்பது. வருமானக் கணக்கைக் காட்டி முதலில் கூட்டித் தரச் சொல்லுங்கள். முடியாதென்றால் விடுவிக்கக் கேளுங்கள்.

எனக்கு இந்த முறையே பிடிக்கவில்லை. நாலு கல்லூரிகளின் உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை அது பறிக்கிறது. பணமுள்ள வீட்டுக்குத்தான் தோது. உங்கள் அண்ணன் திட்டுவதற்கு முன், ஏன் வேண்டாம் என்கிறாள் என்று அவளிடம் கேட்கட்டும்.