தாத்தாவின் ஹெரால்டு

கேள்வி: திருவையாற்றில் தாத்தாவின் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. அதை ஸ்போர்ட்ஸ் காராக மாற்றலாமா?

பதில்: ரத்தத்திலேயே பாதி ஸ்போர்ட்ஸ் கார்தானே! சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மூல வண்டி இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டு. அதன் சேசிஸைக் குறுக்கித்தான் 1962-இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள். ஹெரால்டின் முன்பக்கம் முழுவதும் பானெட்டாகத் திறக்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். என்ன ராஜமரியாதை!

ஆனால் குதிரைசக்தியைக் கூட்டுமுன் அடியில் படுத்துப் பாருங்கள். டெல்டா ஈரம் சேசிஸை அரித்திருக்கும். முதல் செலவு வெல்டிங்குக்கு. முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான டிரன்னியனுக்குக் கியர் ஆயில்தான், கிரீஸ் அடிக்கவே கூடாது. பின்னால் ஸ்விங் ஆக்சில்: வேகமான வளைவில் சட்டென ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரம் உள்ளே மடங்கும். ஆற்றங்கரை ரோட்டில் வளைவுக்கு அப்பால் நெல் காயும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள்.