விளக்கு அடித்தால் என்ன அர்த்தம்?

மலேசியாவில், எங்கள் கேமரன் மலைப் பிரிஞ்சாங்கிலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், திருச்சியிலும் அப்படித்தான். வெள்ளைக்காரன் இரண்டு ஊருக்கும் ஒரே சட்டத்தை விட்டுப் போனான். மிச்சத்தை நாமே எழுதிக்கொண்டோம்.

லண்டனில் எதிரே வருகிறவர் முன்விளக்கை ஒருமுறை மின்னவிட்டால், பெரும்பாலும் "நீங்கள் போங்கள்" என்று பொருள். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்து ஒற்றைப் பாதையில் அதே மின்னலுக்கு, "நான் வந்துவிட்டேன், ஒதுங்கு." லண்டன் பழக்கத்தில் நன்றிக்குக் கையசைத்தபடி முன்னேறுகிறவர், கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கித்தான் இந்த மொழியைக் கற்கிறார்.

மழையோ மூடுபனியோ இறங்கினால் நான்கு சிக்னலையும் சேர்த்து மினுக்குவது இங்கே மரபு. முன்னால் போகிறவர் திரும்பப் போகிறாரா, நிற்கப் போகிறாரா? அவருக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

ஹார்ன் வேறு கதை. தமிழ்நாட்டு லாரியின் முதுகில் "ஒலி எழுப்பவும்" என்று எழுதியிருக்கும். இங்கே ஹார்ன் அடிப்பது ஏசுவதற்குச் சமம். ஊரிலிருந்து வந்த மாமா, தாப்பா மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு அடித்துக்கொண்டே வந்தார்.

"யாரயாச்சும் ஏசுறீங்களா மாமா?"

"இல்லப்பா, வர்றேன்னு சொல்றேன்."

அந்த வளைவுகளில் அவர் செய்ததுதான் சரி.

கடைசியாக, எங்கள் சனிக்கிழமை இரவுச் சந்தைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்தவர் காரை மறித்து நிறுத்தினால், போன் நம்பரையாவது கண்ணாடியில் வைத்துவிட்டுப் போங்கள்.