பேரு போட்டுக்கிற பெரிய மனுசன்

டேய் பேராண்டி, கவரப்பேட்டைப் பக்கம் ரெண்டு கிரவுண்டு வாங்கிட்டியாம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுல லேபர் கான்ட்ராக்ட் ஓடுதாம், அடுத்து கவுன்சிலருக்கு நிக்கப் போறியாம். சந்தோசம்டா. நாலு சென்ட் நிலம் வந்தும் ஒருத்தனுக்கு அரசியல் ஆசை வரலைன்னா அவனை டாக்டர்கிட்டதான் காட்டணும். ஆனா அந்தச் சிறுபாலத்துல உம் பேரைக் கல்வெட்டா வைக்கணும்னு அலையிறே பாரு, அதுக்குத்தான் ஒரு கதை சொல்றேன்.

பழவேற்காடு, எண்ணூர் வழியா போகுதே பக்கிங்காம் கால்வாய், அதுக்குப் பேரு குடுத்த பக்கிங்காம் டியூக்கோட முழுப் பேரு ரிச்சர்ட் பிளாண்டாஜெனட் கேம்ப்பெல் டெம்பிள்-நியூஜென்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். ஓட்டுச்சீட்டுல அச்சடிச்சா சின்னத்துக்கு எடமிருக்காது. அதுல நியூஜென்ட்ங்கிறது அயர்லாந்து பிரபு வீட்டுல பொண்ணு எடுத்தப்ப ஒட்டிக்கிட்டது. சொத்தோட பேரையும் சேர்த்து வாரிக்குவாங்க போல.

அப்பங்காரன் கடன்ல மூழ்கி, 1848ல அரண்மனைச் சாமானை 40 நாள் ஏலம் விட்டான். புள்ள உசாரு. பார்லிமென்ட் மெம்பரு, ரயில் கம்பெனி சேர்மன், காலனி மந்திரின்னு ஏறி, 1875ல மெட்ராஸுக்கு கவர்னரா வந்து எறங்கினாரு. எறங்கின மறுவருசமே தாது வருசப் பஞ்சம்.

கால்வாயை அவரா வெட்டினாருன்னு கேக்குறியா? 1806லயே பேசில் காக்ரேன்னு ஒருத்தன் மெட்ராஸ்ல இருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டிட்டான். அவனும் உன்னை மாதிரி கான்ட்ராக்டருதான், அதனால மொதப் பேரு அவன் பேரு. அப்புறம் வடக்கே பழவேற்காடு தாண்டி நீட்டினாங்க. ஸ்ரீஹரிகோட்டா சவுக்கு விறகும், கிளிஞ்சலும், உப்பும் படகுல பட்டணம் போச்சு. பஞ்சத்துல கூவத்துக்கும் அடையாத்துக்கும் நடுவுல சுமார் 8 கிலோமீட்டர் மிச்சம் இருந்ததை நிவாரண வேலையா வெட்டினாங்க. எட்டுக்கு வேலை, 420 கிலோமீட்டருக்குப் பேரு! இந்தக் கணக்கு நம்ம ஆளுங்களுக்குக்கூட வராதுடா.

அந்த மண்ணை வெட்டினவனுக்கு என்ன கூலி தெரியுமா? மேலிடத்துல இருந்து இன்னொரு ரிச்சர்ட் டெம்பிள் வந்தாரு, செலவைக் குறைக்க. பேருல கோயில் இருந்தா போதுமா? நாள் முழுக்க வெட்டுற ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், மேல ஒரு அணா. நம்ம டியூக்கும் சரின்னுட்டாரு. கார்னிஷ்னு ஒரு டாக்டர், இதைத் தின்னா ஆளு பொழைக்க மாட்டான்னு எழுதி எழுதி, சில மாசம் கழிச்சுத்தான் கூலி ஏறிச்சு.

நியாயமா ஒண்ணு சொல்லணும். பஞ்சம் தொடங்கினப்பவே டியூக்கு 30,000 டன் தானியம் சொந்தப் பொறுப்புல வாங்கிப் போட்டாரு. வியாபாரத்துல கைவைக்காதேன்னு மேலிடம் திட்டிச்சு. அவரு செஞ்சதுல உருப்படியான வேலை அதுதான். அதுக்கு எவனும் ஒரு கல்லுகூட நடல.

பேரு மாட்டிக்கிட்டது இந்தத் தண்ணியில. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்துல எண்ணெய் மெதந்து இந்தக் கால்வாய் வழியாத்தான் எண்ணூர் மீனவன் வலைக்கு வந்துச்சு. இப்ப ஜனங்க மூக்கைப் பொத்திக்கிட்டு டியூக்கு பேரைச் சொல்றாங்க. அவருக்கு ஆண் வாரிசும் இல்ல, 1889ல அவரோட டியூக் பட்டமும் போச்சு. கேக்கறதுக்கு நாதி இல்ல.

நீ நில்லு, ஓட்டு நான் போடறேன். ஆனா உங்கிட்ட வேலை செய்யிற ஒடிசாப் பசங்களுக்குப் போன மாசக் கூலி பாக்கியாமே. அதை இன்னைக்கே குடுத்துடு.