தந்தைக்கு மூத்த தனயன்: ஜாவா நிரலிலிருந்து கிளாஸ் படம் வரைதல் குறித்த ஓர் ஆய்வு

எழுதி முடித்த ஜாவா நிரலைக் கருவியின் கையில் கொடுத்து, அதிலிருந்து கிளாஸ் டயகிராம் எனப்படும் படத்தை வரைந்துகொள்ளும் வழக்கம், வீட்டைக் கட்டி, பால் காய்ச்சிக் குடியேறி, மொட்டைமாடியில் கூடுதலாக ஓர் அறையும் எழுப்பிய பின்னர் பிளான் அப்ரூவலுக்கு வரைபடம் தேடும் வழக்கத்தை ஒத்தது என்பது இவ்வாய்வின் துணிபு. முறைப்படி படம் முந்தும், நிரல் பிந்தும். நடைமுறையிலோ நிரல் முந்திவிட, வாடிக்கையாளருக்கு அனுப்பவேண்டிய டிசைன் டாக்குமென்டில் நான்காம் பக்கம் வெறுமையாகக் கிடப்பது தெரியவரும் வெள்ளிக்கிழமை மாலையில்தான் படம் பிறக்கிறது. இதனை ரிவர்ஸ் இன்ஜினியரிங் என்னும் பெருந்தொழிலின் ஒரு கிளையாகக் கொள்வர். அத்தொழிலுக்கு 1990இல் இலக்கணம் வகுத்த சிகோஃப்ஸ்கி, கிராஸ் ஆகிய இருவரும், இருக்கும் அமைப்பை ஆராய்ந்து அதன் உறுப்புகளையும் உறவுகளையும் கண்டறிவது என்று பொருள் கூறினரே தவிர, வெள்ளிக்கிழமை மாலையைப் பற்றி ஏதும் கூறாதது அவ்விலக்கணத்தின் குறையே.

கிளாஸ் என்பது ஒரே வகைப் பொருள்களின் தன்மையையும் தொழிலையும் ஒருங்கே சொல்லும் வார்ப்பு. அதனை 'வகுப்பு' எனத் தமிழாக்குவோர் உளர். அச்சொல் பள்ளிக்கூடத்தையும் ரயில் பெட்டியையும் சாதிச் சான்றிதழையும் ஒருசேர நினைவூட்டுவதால் இங்குக் கைவிடப்படுகிறது. படத்தில் ஒரு கிளாஸ் மூன்று அறைகள் கொண்ட கட்டமாக நிற்கும்: மேலறையில் பெயர், நடுவறையில் உடைமைகளாகிய ஃபீல்டுகள், கீழறையில் தொழில்களாகிய மெத்தடுகள். கூட்டல் குறி இட்டது ஊருக்குப் பொது. கழித்தல் குறி இட்டது அவ்வீட்டாருக்கு மட்டும். பூச், ரம்பா, யாகப்சன் ஆகிய மூவர் கூடி உருவாக்கி, 1997இல் ஓஎம்ஜி என்னும் அமைப்பு ஏற்றுக்கொண்ட யூஎம்எல் குறியீட்டு மொழியே இக்கட்டத்தை நிலைநிறுத்தியது. அதற்கு முன்னர் பூச் தம் முறையில் கிளாஸை மேகமாக வரைந்துவந்தார். ஜாவாவின் நிம்பஸ் என்னும் தோற்றத் தொகுப்பில் 'இன்டர்னல்ஃபிரேம்இன்டர்னல்ஃபிரேம்டைட்டில்பேன்இன்டர்னல்ஃபிரேம்டைட்டில்பேன்மேக்சிமைஸ்பட்டன்விண்டோநாட்ஃபோகஸ்ட்ஸ்டேட்' என்னும் பெயருடைய கிளாஸ் மெய்யாகவே இருப்பதையும், நிம்பஸ் என்றாலே மழைமேகம் என்பதையும் எண்ணிப் பார்க்குமிடத்து, மேகம் கட்டமாக மாறியது நன்மைக்கே எனலாம்.

இனி உறவுமுறை. 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்னும் சொல்லைக் கண்டவுடன் கருவி, பிள்ளையிடமிருந்து பெற்றோரை நோக்கி உள்ளீடற்ற முக்கோணம் தாங்கிய கோடொன்றை இழுக்கும். 'இம்ப்ளிமெண்ட்ஸ்' என்பது பிறப்பால் வந்த உறவன்று, இன்னின்ன வேலைகளைச் செய்வேன் என்று எழுதிக்கொடுத்த ஒப்பந்தம். ஆதலின் அக்கோடு விட்டுவிட்டு வரும். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே பெற்றோர், ஒப்பந்தங்களுக்கோ வரம்பில்லை.

இவ்விதிகளை ஜாவாவின் சொந்த நூலகமாகிய ஜாவா.யூட்டில் பேக்கேஜின்மேல் ஏவிப் பார்த்தால் கிடைக்கும் குலமுறை வியப்புக்குரியது. அர்ரேலிஸ்ட்டின் தந்தையாகிய அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் ஏற்கெனவே 'லிஸ்ட்' ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்க, மகனும் அதே ஒப்பந்தத்தில் மீண்டும் கையெழுத்திடுகிறான். கல்யாணப் பத்திரிகையில் ஒரே பெரியப்பாவின் பெயரை இரண்டிடத்தில் அச்சிட்டாற்போலக் கருவி இரு கோடுகளையும் வரைந்துவைக்கிறது. அதனினும் விந்தை, வெக்டரின் வரலாறு. வெக்டர் 1996இல் ஜாவாவின் முதற்பதிப்போடு பிறந்தது; அதன் தந்தையாகப் படத்தில் வீற்றிருக்கும் அப்ஸ்ட்ராக்ட்லிஸ்ட் பிறந்ததோ 1998இல், 1.2ஆம் பதிப்பில். தந்தையினும் தனயன் இரண்டாண்டு மூத்தவன் என்னும் இச்செய்தியைப் படம் மறைத்துவிடுகிறது. கருவிக்கு உறவு தெரியும், பிறந்த தேதி தெரியாது.

வெக்டரின் பிள்ளை ஸ்டாக். கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பது என்பது ஸ்டாக்கின் ஒரே ஒழுக்கம். தட்டத்தின்மேல் தட்டம் அடுக்கினால் மேல்தட்டத்தைத்தான் எடுக்கவேண்டும் என்பதுபோல. அதன் கட்டத்தின் கீழறையில், ஆக்கும் மெத்தடை நீக்கினால், புஷ், பாப், பீக், எம்ப்டி, சர்ச் என்னும் ஐந்தே உள்ளன. இவை சுயசம்பாத்தியம். பிதுரார்ஜிதமாக வெக்டரிடமிருந்து வந்த மெத்தடுகளோ இவற்றைவிடப் பன்மடங்கு. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தட்டத்தை உருவுவதற்கும், நடுவிலே ஒன்றைச் செருகுவதற்கும் அவற்றுள் இடமுண்டு. ஒழுக்கம் கெடுவதற்கான வழியெல்லாம் பரம்பரைச் சொத்தில் இருக்க, மகனின் கட்டமோ ஐந்து வரியோடு அப்பாவியாகக் காட்சியளிக்கிறது. எனினும் மேலே செல்லும் அந்த ஒற்றை முக்கோணம் 'ஸ்டாக் என்பது ஒரு வெக்டர்' என்று காட்டிக்கொடுத்துவிடுவதால், கருவியின் பயன் யாதென்று கேட்போருக்கு இவ்வோர் எடுத்துக்காட்டே போதும் என்க.

அடுத்தது, முழுமையையும் உறுப்பையும் இணைக்கும் கோட்டின் முனையில் இடும் வைரக் குறி பற்றிய வழக்கு. முழுமை அழிந்தால் உறுப்பும் அழியுமாயின் நிரப்பிய வைரம் இடவேண்டும். உறுப்பு தனித்தும் வாழுமாயின் வெற்று வைரம். ஜாவாவிலோ இரண்டும் ஒரேபோன்ற ஃபீல்டாக எழுதப்படும்; எது எப்போது அழியும் என்பதைக் குப்பை அள்ளும் கார்பேஜ் கலெக்டரே தீர்மானிக்கும். நிரலில் இல்லாத விடையைக் கருவி எங்கிருந்து எடுக்கும்? சில கருவிகள் வெறுங்கோட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. சில துணிந்து ஒரு வைரத்தை இட்டுவிடுகின்றன. கோயில் யானைக்கு எந்த நாமம் என்னும் வழக்கைப் போன்ற இதில், வெறுங்கோடே நேர்மையானது.

படத்தைத் தாளில் அடக்குதல் தனிக் கலை. பிளான்ட்யூஎம்எல் போன்ற கருவிகள் கட்டங்களை எங்கெங்கு வைப்பது என்னும் தலைவலியைக் கிராஃப்விஸ் என்னும் மென்பொருளிடம் தள்ளிவிடுகின்றன. அது கட்டங்களை வரிசை வரிசையாக அடுக்கி, கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதைக் குறைக்க முயல்கிறது. வெட்டுகளை இயன்றவரை குறைக்கும் ஏற்பாட்டைத் துல்லியமாகக் கண்டறிவது கணினியியலில் கடினமெனப் பெயர்பெற்ற கணக்குகளுள் ஒன்றாதலின், பெரிய நிரலுக்குரிய படம் பிழிந்த இடியாப்பமாக வருவதற்குக் கருவியைக் குறைசொல்வது முறையன்று. கெட்டர், செட்டர் என்னும் எடுத்துக்கொடுக்கும் ஏவலர்களை மறைத்துவிட்டால் கட்டங்கள் பாதியாக இளைக்கும்; 'இந்த வரியைத் தொடாதே' என்று யாரோ எழுதிவைத்த கமெண்டைக் கருவி கேளாமலேயே மறைத்துவிடும்.

இங்குக் கூறியவற்றில் ஐயமுள்ளோர், ஜாவா நிரலாக்கத் தொகுப்பாகிய ஜேடிகேயுடன் வரும் எஸ்ஆர்சி.ஜிப் கோப்பைத் திறந்து, ஜாவா.யூட்டில் கோப்புறையைத் தமக்கு வாய்த்த கருவியிடம் கொடுத்துப் பார்க்கலாம். அச்செடுக்குமுன் தாளை அகலவாக்கில் வைத்துக்கொள்ளவும்.