சூரிய ஸ்நான மகிமை

மேனி வெந்து போவதை விபத்தென்று கருதாமல், அதற்கு ‘ஆரோக்கியப் பொலிவு’ என்று திருநாமம் சூட்டி, கோடை விடுமுறைதோறும் ஸ்பெயின் தேசத்துக் கடற்கரையில் எண்ணெய் பூசிக் கிடந்து, ஒரு பக்கம் சிவந்ததும் மறுபக்கம் புரண்டு, தோளில் தோல் உரிய, மணிக்கட்டில் கைக்கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெள்ளை வளையமாய்த் துலங்க ஊர் திரும்பும் ஆங்கிலேயரின் சிரத்தையை எவ்வளவு மெச்சினாலும் தகும்.

மேகம் கவிந்த ஊர்க்காரர்களும் மனந்தளர வேண்டியதில்லை. விளக்குக் குழல்கள் பதித்த பெட்டியில் படுக்கவைத்து, மூடியை இறக்கி, புற ஊதாக் கதிர்களால் பக்குவப்படுத்தி அனுப்பும் நிலையங்கள் இருக்கவே இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அப்பெட்டிகளைப் புகையிலைக்குச் சமதையாக முதல் வகுப்பில் சேர்த்தது. முதல் வகுப்பு என்ன லேசில் வாய்க்கிற பாக்கியமா? மறு வருஷமே அமெரிக்க அரசாங்கம் 10 சதவீத வரி விதித்துக் கௌரவித்தது. ஆஸ்திரேலியர்தாம், ரசனைக் குறைவால், வியாபாரத்துக்கு வைத்த பெட்டிகளைத் தடை செய்துவிட்டார்கள்.

அதே நிறத்தை வயல் வரப்பில் இலவசமாகப் பெற்றுவிட்ட நம்மவர் கதி என்ன என்று கவலை வேண்டாம். அங்கே கறுக்க ஒரு களிம்பும் இங்கே வெளுக்க ஒரு களிம்பும் விற்கிற பெரிய கம்பெனிகள் உண்டு. பிறந்த நிறத்தோடு ஒருவரும் திருப்தியாக இருந்துவிடக் கூடாது என்னும் உயரிய லட்சியத்தில், கறுப்பர் வெள்ளையர் என்ற பேதமே பாராட்டாத உத்தமர்கள் அவர்கள்.