செஞ்சி வட்டாரத்துக் கண்ணீர்: ஒரு முதற்கட்ட ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

சித்திரை, வைகாசி மாதங்களில் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில்கள் களைகட்டுகின்றன. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. வந்து உட்கார்ந்திருப்பவர்களில் கதை தெரியாதவர் ஒருவரும் இல்லை. அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் போவான், திரும்ப மாட்டான் என்பது பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருக்கும் பேரனுக்கும் தெரியும். ஆனாலும் விடிகாலையில் அவன் விழும்போது முந்தானைகள் கண்ணுக்குப் போகின்றன. அதே நேரம் பார்த்து ஆண்கள் பக்கம் பலருக்கும் கண்ணில் தூசி விழுந்துவிடுகிறது.

செத்தவர் பக்கத்து ஊர்க்காரர். அரிதாரம் கலைத்துவிட்டு ஏழு மணி பஸ்ஸில் ஊர் திரும்பப் போகிறவர். அவருக்காக எதற்கு அழ வேண்டும்? இதுவே ஆய்வுச் சிக்கல்.

2. முன்னோர் கூற்று

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவற்றுள் அழுகைக்கு இழிவு, இழப்பு, நிலைகுலைவு, வறுமை என நான்கு காரணம் காட்டினார். இழந்த ஆள் உண்மையில் இருந்தாரா என்று அவர் விசாரிக்கவில்லை. விசாரித்தவர் காலின் ராட்ஃபர்ட் என்ற தத்துவப் பேராசிரியர். நாவல் நாயகி அன்னா கரீனினா என்று ஒருத்தி இல்லவே இல்லை, பிறகு அவளுக்காக நாம் கலங்குவது எப்படி என்று 1975இல் கேட்டு, அந்த அழுகையில் தர்க்கம் உதைக்கிறது என்று முடித்தார். அதற்கு முன்பே, 1956இல், ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தொலைக்காட்சியில் தோன்றுபவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் உறவை ஆராய்ந்து, அது ஒருவழிப் பாதை என்று கண்டார்கள்: இவர்களுக்கு அவரைத் தெரியும், அவருக்கு இவர்களைத் தெரியாது.

பிந்திய மூவரும் திருவிழாவின் கடைசி நாள் படுகளத்தைப் பார்த்ததாகக் குறிப்பு இல்லை.

3. கருதுகோளும் சான்றுகளும்

கதைமாந்தர் மேல் பாசம் வருவது அவர்களை நிஜமென்று நம்புவதால் அல்ல, அவர்களோடு கொடுக்கல் வாங்கல் இருப்பதால் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இனி, சான்றுகள்.

அ. பகாசுரன் கதை நடக்கும் நாளில் வீமன் சோற்றோடு வண்டியேறி ஊர்த் தெருக்களில் வலம் வருகிறான். போகிற வழியெல்லாம் தின்கிறான். தன் வீட்டுப் பண்டத்தைத் தின்று ஏப்பம் விட்டவனை யாரும் வெறும் கற்பனை என்று தள்ள முடியாது.

ஆ. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுகிறான். சிவனிடம் அவன் கேட்கப் போவது பாசுபதம். குழந்தை வரம் வேண்டி அடியில் காத்திருக்கும் பெண்களுக்கு, மேலிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழம் போதும்.

இ. சேலை உரியும் இரவு. துச்சாதனன் கை நீள்வதற்கு முன் கூத்து நிற்கிறது. கற்பூரம் ஏற்றுகிறார்கள். வேடம் கட்டியவர் கைகூப்பி, தாயே, இது பிழைப்புக்காக ஆடும் ஆட்டம், பொறுத்துக்கொள் என்கிற பொருளில் வேண்டிக்கொள்கிறார். அதன் பிறகுதான் சேலையில் கை வைக்கிறார். நடிப்பு என்பது அவருக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும். தெரிந்த மூன்று தரப்பும் சேர்ந்தே எச்சரிக்கையாக இருக்கின்றன.

ஈ. கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் வெட்டவெளியில் மல்லாந்து கிடக்கிறான். தொடை பிளந்து, திரௌபதி கூந்தல் முடிந்தாகிவிட்டது. ஊரே பதினெட்டு நாளாகத் திட்டித் தீர்த்த ஆள். ஆனாலும் அவனுக்கும் ஒப்பாரி உண்டு. ஒப்பாரி ஓய்ந்ததும் அவன் உடம்பு மண்ணைப் பிடி பிடியாக அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். விளைச்சல் பெருகுமாம். வில்லனைக்கூட வீணாக்காத சிக்கனம் இது.

உ. வீட்டில் பெரியவர் இறந்தால் கருமாதிக்குக் கர்ண மோட்சம் கூத்து வைப்பது வட மாவட்டங்களில் வழக்கம். கர்ணனின் சாவில் மகன்கள் தங்கள் அப்பனுக்காக அழுதுகொள்கிறார்கள். ராட்ஃபர்ட் தேடிய தர்க்கம் இங்கே இருக்கிறது: கண்ணீருக்கு முகவரி வேறு.

4. ஒப்பீட்டுச் சோதனை

நிஜ மனிதர்களையும் சோதித்தால்தான் ஆய்வு நிறைவு பெறும். செஞ்சியில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. மராத்திய மன்னர் சிவாஜியின் மகன் ராஜாராம் 1690 முதல் 1698 வரை நீண்ட முகலாய முற்றுகையைச் செஞ்சிக் கோட்டையில் இருந்துதான் எதிர்கொண்டார். அந்த மராத்தியத் தொடர்பை வைத்தே 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு செஞ்சியையும் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வட்டாரத்தில் ராஜாராமுக்காகக் கலங்கும் கண்ணைக் காண்பது அரிது.

கலங்குவதெல்லாம் தேசிங்குக்கு. தேசிங்கு என்பது வரலாற்றின் தேஜ் சிங், செஞ்சியை ஆண்ட புந்தேல ராஜபுத்திரர். ஓராண்டுகூட முழுதாக ஆளவில்லை. கப்பத் தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி, 1714 அக்டோபர் 3இல் இருபத்திரண்டு வயதில் இறந்தார். வரலாறு இத்தோடு கோப்பை மூடிவிடுகிறது. கதைப்பாடல் இங்கேதான் சம்பளத்துக்கு ஆள் எடுக்கத் தொடங்குகிறது: அடங்காத குதிரை ஒன்று, கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து போருக்கு ஓடிவரும் முஸ்லிம் நண்பன் ஒருவன், உடன்கட்டை ஏறும் இளம் ராணி. செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் நண்பனுக்கும் குதிரைக்கும் சமாதி காட்டுகிறார்கள்.

செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரம் இன்னும் ஒரு படி மேல். அங்கே பல்லவர் காலக் குடைவரையில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். முகம் ஒருபுறம் திரும்பியிருக்கும். இன்று போருக்குப் போகாதே என்று சொல்லியும் தேசிங்கு கேட்கவில்லை, அந்த வருத்தத்தில் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது ஊர் விளக்கம். சிற்பி உளி எடுத்தது தேசிங்கு பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னால். வருத்தம் முன்தேதியிட்டுப் பதிவாகியிருக்கிறது.

5. எதிர்வாதம்

இதெல்லாம் பக்தி, பாசமல்ல என்று எதிர்க்கட்சி சொல்லலாம். ஆனால் தேசிங்குக்குக் கொடியேற்றம் கிடையாது, நேர்த்திக்கடன் கிடையாது. அப்படியும் அவருக்காகக் கலங்குகிறார்கள். அவர் 1960இல் திரைக்கு வந்தபோது, எம்.ஜி.ஆரே இரட்டை வேடம் ஏற்றார். கண்ணீரில் பாதி இன்னொரு நடிகருக்குப் போய்விடக் கூடாது என்ற ஏற்பாடாக இதைக் கொள்ள இடமுண்டு.

6. மேலாய்வுக்குரியவை

துச்சாதனன் வேடக்காரருக்கு மறுநாள் காலை டீக்கடையில் கிடைக்கும் மரியாதை எத்தகையது? துரியோதனன் மண், ரசாயன உரம் இரண்டில் எதற்கு மகசூல் கூடுதல்? ஆண்களின் கண்ணில் விழும் அந்தத் தூசி அபிமன்யு சாகும் நேரத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இக்கேள்விகளுக்குப் பல இரவுக் களப்பணி வேண்டும். நிதி ஒதுக்கும் பல்கலைக்கழகம் பாய், சுக்குக் காபி, இரண்டு கைக்குட்டை ஆகிய செலவினங்களை ஆய்வுக் கருவிகள் என்ற தலைப்பிலேயே அனுமதிக்க வேண்டும்.