இரட்டை அம்பு மாமா

மன்னார்த் தீவில் கழுதைக்கும் காற்றுக்கும் அடுத்தபடியாக எங்கும் காணக்கிடைப்பவர் இந்த மாமா. பேசாலையில் ஒருவர் இருப்பார். தலைமன்னாரில் ஒருவர். எருக்கலம்பிட்டியில் இருப்பவரைக் காக்கா என்பார்கள். பள்ளிமுனைப் பெருக்க மரத்தைப் பார்க்க வருகிறவர்கள் தற்செயலாக இன்னொருவரையும் பார்த்துவிட்டுப் போகக்கூடும். எல்லாரும் அரச உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். எல்லாருக்கும் ஒரு பிள்ளை லண்டனில், ஒரு மச்சான் ரொறன்ரோவில். மகள் அனுப்பிய பெரிய போன் கைக்கு வந்த நாளிலிருந்து, ஊரை இணையக் கள்ளரிடமிருந்து காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டது என்பது மாமாவின் முடிவு. ஊர் கேட்கவில்லை. மாமாவும் ஊரைக் கேட்கவில்லை.

விடியற்காலை, கோயில் மணி அடிக்க முதலே மாமாவின் பணி தொடங்கிவிடும். முதலில் ஒரு ரோசாப்பூ, காலை வணக்கம். அடுத்தது எச்சரிக்கை. இவற்றில் மாமாவுக்கு மிகவும் பிடித்தது 'பாப்பரசரின் நடனம்'. அந்தப் பெயரில் ஒரு வீடியோ வருமாம். திறந்தால் போனில் உள்ளதெல்லாம் அழிந்துவிடுமாம். பிபிசி வானொலியே அறிவித்துவிட்டதாம். இது பல வருடங்களாக உலகம் சுற்றும் புளுகு. அப்படியொரு வீடியோ எங்கேயும் கிடையாது. ஆனால் பாப்பரசர் பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி மடுவுக்கு வந்தபோது வெயிலில் நின்று பார்த்த சனம் நிறைந்த மாவட்டம் இது. அவர் பெயரில் வீடியோ வந்தால் திறக்காமல் இருப்பார்களா என்பது மாமாவின் கவலை. இல்லாத வீடியோவைத் திறக்காதே என்று மாமா சொல்ல, ஊரும் இன்றுவரை திறக்காமல் இருக்கிறது. மாமா முழுதாக வென்ற களம் அது ஒன்றுதான்.

ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாது என்று 2019இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டபோது மாமா அதைத் தனக்கு எதிரான சதியாகத்தான் எடுத்தார். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கு மட்டும் அனுப்பலாம் என்றாக்கினார்கள். பொய் பரவும் வேகத்தைக் குறைக்கத்தான் அது. மாமா பொறுமைசாலி. ஒவ்வொன்றாக அனுப்பினார். அப்படிப் பல கை மாறிய செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி ஒன்று விழும். 'கவனம், இது எங்கிருந்தோ வந்தது' என்பது அதன் கருத்து. மாமாவின் விளக்கம் வேறு.

"இரட்டை அம்பு கிடக்குதே, கண்ணுக்குத் தெரியேல்லயா? கனபேர் பாத்து உறுதிப்படுத்தி அனுப்பியிருக்கிறாங்க."

மாமாவின் சந்தேகத்துக்கு உள்ளாகாதவர் கிடையாது, ஆளை நேரில் பார்த்தால். 2024 குடிசன மதிப்பீட்டுக்கு வந்த பிள்ளையை, கழுத்தில் அடையாள அட்டை தொங்கியும், கேற்றுக்கு வெளியே நிற்கவைத்து விசாரித்தார். பதிவுத் தபாலோடு வந்த தபால்காரரிடம் கையெழுத்துப் போட மறுத்தார். தபால் திணைக்களத்தின் பெயரில் மோசடி நடக்கிறது என்று திணைக்களமே சொல்லியிருக்கிறதாம். சொன்னது உண்மைதான். ஆனால் அது 'உங்கள் பார்சல் தங்கிவிட்டது, இந்த லிங்கை அழுத்திக் காசு கட்டுங்கள்' என்று போனுக்கு வரும் பொய்ச் செய்தியைப் பற்றியது. இருபது வருடமாக அதே சைக்கிளில் வரும் மனிதரைப் பற்றியது அல்ல.

அதே மாமாதான், 'ஆண்டு நிறைவை முன்னிட்டு 50 ஜிபி இலவசம்' என்று வந்த லிங்கில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் முத்து முத்தாக நிரப்பிக் கொடுத்தார். நமது அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த வருடமும் நாளும் ஒளிந்திருக்கின்றன. அது ஒன்று போதும், ஆளின் அரைச் சாதகம் கையில். ஏன் மாமா கொடுத்தீங்க என்றால், "அது சம்மாட்டியார்ட மகன் அனுப்பினது. அவன் பொய் சொல்லமாட்டான்." அவன் பொய் சொல்லவில்லை. அவனும் 50 ஜிபிக்காகத்தான் பன்னிரண்டு பேருக்கு அனுப்பியிருந்தான்.

கடவுச்சொல் விஷயத்தில் மாமாவை அசைக்கவே முடியாது. "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. எனக்கே தெரியாது, பிறகு எப்பிடிச் சொல்றது?" தெரிந்தவன் ரீலோட் கடைத் தம்பி. மாமாவுடையது மட்டுமா? கரையோரத்தில் பாதிப் பேருக்கு ஜிமெயிலும் பேஸ்புக்கும் திறந்து கொடுத்தவன் அவன்தான். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிஆர் கொப்பி. அதில் பெயர், போன் இலக்கம், கடவுச்சொல். பின்பக்கத்தில் கடன் கணக்கு. கடன் பக்கத்தைத்தான் தம்பி கையால் மறைத்து வைத்திருப்பான்.

பஸ்ஸில் பக்கத்தில் அகப்பட்டவருக்கு மாமாவின் விரிவுரை இலவசம். "கள்ளன் நைஜீரியாவில இருக்கிறான் எண்டு நினைச்சியோ? நீர்கொழும்பில வாடகை வீட்டில இருந்தவன்." இதில் தவறில்லை. 2024 ஜூன் கடைசியில் நீர்கொழும்பிலும் கொழும்பின் புறநகரிலும் வீடுகளைச் சுற்றிவளைத்து, இணைய மோசடிச் சந்தேகத்தில் 137 இந்தியர்களைப் பொலிஸ் பிடித்தது. மறுபக்கம், வேலை என்று நம்பிப் போன நமது பிள்ளைகள் மியன்மாரின் மியாவாடிப் பக்கம் மோசடி முகாம்களில் அடைபட்டு, உலகத்தை ஏமாற்றும்படி அடிவாங்கினார்கள். அந்தக் கதையை மாமா சொல்வதில்லை. அதில் கள்ளன் யார் என்று சொல்லக் கொஞ்சம் நேரமெடுக்கும்.

ஒரு நாள் கல்யாணக் கார்ட் ஒன்று வந்தது. படம் அல்ல, ஏபிகே கோப்பு. இந்தியப் பொலிஸார் இதைப் பற்றி 2024இலேயே எச்சரித்திருக்கிறார்கள்: அழுத்தினால் திறப்பது கார்ட் அல்ல, போனுக்குள் குடியேறி வங்கியிலிருந்து வரும் ஓடிபிகளை வாசிக்கும் ஒரு செயலி. தெரியாத இடத்திலிருந்து வருகிறது, நிறுவவா என்று போன் கேட்டது. போன் கேட்டதே, அதைப் பாராட்ட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகாவிட்டாலும் கார்ட்டைத் திறக்காமல் விடுவது மரியாதையா? மாமா 'ஓம்' என்றார். தம்பி கடைசியில் போனை முழுதாகத் துடைத்துத்தான் கொடுத்தான். பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் போய்விட்டது. மாமா கலங்கவில்லை. 2023 ஓகஸ்ட்டில், கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் ரான்சம்வேர் அடித்து, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள், அமைச்சரவை அலுவலகத்தினுடையதும் சேர்த்து, அழிந்துபோயின. அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை. "கவுண்மேந்தே மூண்டு மாசத்தைத் துலைச்சிட்டு இருக்குது. நான் பேரன்ட பிறந்தநாள் படத்தைத்தான துலைச்சன்."

இப்படிப்பட்டவரைக் கள்ளன் கடைசியில் எப்படிப் பிடித்தான்? அந்நியனாக வந்திருந்தால் கேற்றையே தாண்டியிருக்க மாட்டான். பாரிஸ் மருமகளாக வந்தான்.

'மாமா, தெரியாம உங்கட நம்பருக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திட்டு. எனக்கு அனுப்பிவிடுங்க.'

மருமகளின் வாட்ஸ்அப் முதல்நாளே களவு போயிருந்தது. இந்த ஆறு இலக்கம் மாமாவின் கணக்கைக் கள்ளனின் போனில் திறக்கும் சாவி. ஒருவருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அந்தச் செய்தியிலேயே எழுதியிருந்தது. மாமா கண்ணாடியைப் போட்டு அதையும் வாசித்தார். அது பிறத்தியாருக்குச் சொன்னது. இவள் சொந்த அக்காவின் மகள். கேட்டது காசுமில்லை, நகையுமில்லை, வெறும் ஆறு இலக்கம்.

கள்ளன் உள்ளே வந்து, மாமாவின் பெயரில் குடும்பக் குழு, கோயில் குழு, ஓய்வூதியர் குழு என்று ஒன்று விடாமல் எழுதினான்: அவசரம், 50,000 ரூபா தேவை, நாளை காலை தருகிறேன். பதிலே இல்லை. மறுநாளும் எழுதினான். அப்போதும் இல்லை. பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? மாமாவை எல்லாரும் எப்போதோ மியூட்டில் போட்டுவிட்டார்கள். இத்தனை குழுக்களில் சேர்ந்திருந்தும் ஒருவரும் வாசிக்காத ஒரு கணக்கை அவன் களவெடுத்திருந்தான்.

வாசித்தவர் ரொறன்ரோ மச்சான் ஒருவர்தான். அவர் எழுதினார்: 'அத்தான், 2004இல வாங்கினதை முதல்ல தாங்க. பிறகு கதைப்பம்.' கள்ளன் அவரை பிளாக் செய்துவிட்டான்.

தம்பி மாமாவின் இலக்கத்தை மறுபடி பதிந்தான். ஆறு இலக்கம் திரும்ப வந்தது, கள்ளன் வெளியே விழுந்தான். ஆனால் போகிறபோக்கில் அவன் இரண்டாம் பூட்டாக ஒரு பின் இலக்கம் போட்டு வைத்திருந்ததால், உள்ளே போக ஏழு நாள் காத்திருக்கச் சொன்னது வாட்ஸ்அப். அந்தப் பூட்டை முதலே நீங்க போட்டிருக்கலாமே மாமா என்றான் தம்பி. 101க்கு அடித்து, இணைய மோசடி முறைப்பாடுகளை ஏற்கும் இலங்கை சேர்ட்டில் (CERT) முறையிடச் சொன்னான்.

"நான் இருக்கக்குள்ள 101 என்னத்துக்கு?"

ஏழு நாள் ரோசாப்பூ இல்லாமல் விடிந்தது. எட்டாம் நாள் காலை, மணி அடிக்க முதல், மாமா எல்லாக் குழுவுக்கும் எழுதினார்: 'என்ட பேரில கள்ளன் காசு கேட்டும் ஒருத்தனும் ஒரு சதம் குடுக்கேல்ல. அந்தளவுக்கு இந்த ஊரை உசார்படுத்தி வச்சிருக்கிறன்.'

அதையும் ஒருவரும் திறக்கவில்லை. ரொறன்ரோ மச்சான் மட்டும் '2004' என்று பதில் போட்டிருந்தார்.